நிலவியல், சுற்றுச்சூழல் அறிவியலில் முதுநிலை ஆய்வு: எதை எடுப்பது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலை ஆய்வேடு எழுதப்போகிறவர்களும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப்போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது. உங்கள் நெறியாளர் வேறு மாதிரிச் சொன்னால், இரண்டையும் வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பே கிடைக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

தலைப்பைத் தேடுவதை நிறுத்திவிட்டுக் கேள்வியைத் தேடுங்கள். "கடலோர நிலத்தடி நீரின் தரம்" என்பது தலைப்பு. அதற்குள் கேள்வி எதுவும் இல்லை. மாதிரி எடுப்பீர்கள், அட்டவணை போடுவீர்கள், "சில கிணறுகள் பரவாயில்லை, சில மோசம்" என்று எழுதுவீர்கள். அவ்வளவுதான்.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்தக் கிணறுகளில் உப்பு ஏறுவது இன்றைய கடல்நீர் உள்ளே புகுவதாலா, களிமண் படிவுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கும் பழைய கடல்நீராலா, இல்லை பாசன நீர் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சுவதாலா? கேட்ட மாத்திரத்திலேயே எதை அளக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. ஆவியாதல்தான் காரணம் என்றால், நீரின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வரைபடத்தில் மழைநீர் விழும் கோட்டை விட்டு விலகி நிற்கும்; உரம் போட்ட வயல் என்றால் நைட்ரேட்டும் கூடியிருக்க வாய்ப்புண்டு. பழைய நீர் என்றால் அதில் டிரிட்டியம் (விரைவில் சிதைந்துபோகும் கதிரியக்க ஹைட்ரஜன்) இருக்காது. இன்றைய கடல் என்றால், கரையிலிருந்து உள்ளே போகப்போக உப்புக் குறையும், அதிகமாக இறைக்கும் கிணறுகளில் முதலில் தலைகாட்டும்.

ஒரு கேள்வி தேறுமா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: பதில் எந்தப் பக்கம் விழுந்தாலும் எழுதுவதற்கு விஷயம் இருக்குமா? மேலே சொன்ன மூன்றில் எது உண்மையானாலும் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும். மாறாக, "இங்கே தங்கம் இருக்கிறதா?" என்று போனால், இல்லை என்று தெரிந்த அன்றே வேலை முடிந்துவிடும்.

ஆற்று வண்டலில் கன உலோகங்கள் என்று எடுக்கலாமா? எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

எல்லோரும் செய்கிறார்கள் என்பதுதான் சிக்கலே. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. கரையோரம் வண்டல் அள்ளுவது, அமிலத்தில் கரைப்பது, செறிவை அளப்பது, 1969-இல் முல்லர் தந்த புவிச்செறிவுக் குறியீட்டில் எண்களைப் போடுவது, "மிதமான மாசு" என்று வண்ணப்படம் வரைவது. அந்தக் குறியீட்டில் தவறில்லை. ஆனால் அது உங்கள் செறிவை "இயற்கையான அளவு" என்ற ஒன்றால் வகுக்கிறது. அந்த இயற்கையான அளவு எங்கிருந்து வருகிறது? பலரும் உலகச் சராசரிக் களிப்பாறையின் எண்ணை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் ஆற்றின் மேல்பகுதியில் செர்பென்டினைட் போன்ற மீக்காரப் பாறைகள் (சிலிக்கா குறைந்து மக்னீசியம் மிகுந்தவை) இருக்கின்றன என்று வையுங்கள். அவற்றில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே மிக அதிகம். மனிதக் கால் படாத ஓடையைக் கூட இந்தக் கணக்கு "கடும் மாசு" என்று காட்டும். ஆலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள், குற்றம் பாறையுடையது. நிலவியல் படித்தவர் இதில் சறுக்கினால் அதற்குச் சமாதானமே இல்லை.

இன்னொன்று, மணியளவு. உலோகங்கள் பெரும்பாலும் நுண்துகள்களில்தான் ஒட்டுகின்றன. ஓரிடத்தில் மணலும் இன்னோரிடத்தில் சேறும் அள்ளி ஒப்பிட்டால், நீங்கள் காண்பது மாசின் வேறுபாடு அல்ல, மணியளவின் வேறுபாடு. 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து நுண்பகுதியை மட்டும் அளக்க வேண்டும், அல்லது அலுமினியத்தோடு விகிதம் எடுத்துச் சரிசெய்ய வேண்டும்.

சரி, ஆற்றை விட மனமில்லை என்றால் அதே வண்டலில் வேறு கேள்விகள் இருக்கின்றன. வெள்ளச் சமவெளியிலோ ஆறு சேரும் ஏரியிலோ ஒரு குழாயை இறக்கிச் செங்குத்தான மண்தண்டு எடுங்கள். ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தைக் கொண்டு அடுக்குகளின் வயதைக் கணித்தால், ஆலைகள் வருவதற்கு முந்தைய அளவு அதே இடத்தின் அடியிலேயே கிடைக்கும். உலகச் சராசரி தேவையே இல்லை. அல்லது குரோமியம் எந்த வடிவில் இருக்கிறது என்று கேளுங்கள். குரோமைட் என்ற கனிமத்தின் மணிக்குள் பூட்டிக் கிடந்தால் அது நீரில் கரைந்து வருவது அரிது. துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் எளிதில் கிளம்பிவிடும். 1979-இல் டெசியரும் உடன் உழைத்தவர்களும் தந்த ஐந்து படிப் பிரித்தெடுப்பு முறை இதற்குத்தான் பயன்படுகிறது. அதற்கும் குறைகள் உண்டு. அந்தக் குறைகளை ஆராய்வதே ஒரு நல்ல முதுநிலை ஆய்வாகலாம்.

களத்துக்குப் போகாமல், ஏற்கெனவே உள்ள தரவை வைத்துச் செய்தால் மதிப்புக் குறையுமா?

குறையாது. கடலடித் தரை விரிகிறது என்பதற்கான பெரிய சான்றே அப்படித்தான் வந்தது. 1962-இல் டிரம்மண்ட் மேத்யூஸ் இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பர்க் முகட்டில் எடுத்த காந்தப்புல அளவீடுகளைக் கேம்பிரிட்ஜில் அவரது ஆய்வு மாணவர் ஃபிரெட் வைன் அலசினார். முகட்டின் இருபுறமும் மாறிமாறி வரும் காந்தப் பட்டைகள், பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழானதன் பதிவு என்று இருவரும் 1963-இல் எழுதினார்கள். கப்பலில் போய் அளந்தவர் நெறியாளர். மாணவர் கொண்டுவந்தது, அந்த எண்களிடம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்று மாணவர் கைக்கு எட்டும் தரவு அன்றைக்கு யாருக்கும் கனவில்கூட இல்லை. 1972-இல் தொடங்கிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் 2015 முதல் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைக்கின்றன. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த உயர வரைபடம் உலகின் பெரும்பகுதிக்கு உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆழ்கடலில் துளையிட்டு எடுத்த மண்தண்டுகள் ஜெர்மனியின் பிரேமன், அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷன், ஜப்பானின் கோச்சி ஆகிய மூன்று இடங்களில் குளிரூட்டிப் பாதுகாக்கப்படுகின்றன. எதற்கு, எவ்வளவு வேண்டும் என்று ஒழுங்காக எழுதி விண்ணப்பித்தால் ஆய்வாளர்களுக்கு மாதிரி தருகிறார்கள். கப்பல் ஏறாமலே கடலடி ஆய்வு செய்யலாம்.

ஆனாலும் ஒரு நாளாவது நீங்கள் படிக்கும் நிலத்தின் மீது நடந்துவிட்டு வாருங்கள். திரையில் "பாறை வெளிப்பாடு" என்று குறித்தது கல்குவாரிக் குப்பையாக இருப்பதெல்லாம் சர்வசாதாரணம்.

செயற்கைக்கோள் தரவில் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

அளவில்தான். நிலத்தடி நீர் குறைவதை ஈர்ப்புவிசை மாற்றத்தின் மூலம் காட்டிய கிரேஸ் இணைக்கோள்கள் 2002 முதல் 2017 வரை இயங்கின. அவற்றின் வாரிசு 2018-இல் ஏவப்பட்டது. அருமையான தரவு. ஆனால் அதன் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம். அதை வைத்து ஒரு வட்டாரத்தின் நீர் இருப்பைச் சொல்ல முனைந்தால், கணினி மறுக்காமல் ஒரு எண்ணைத் தரும். அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது.

கடற்கரை மாற்றமும் அப்படித்தான். ஆரம்பகால லேண்ட்சாட் படங்களின் துல்லியம் சுமார் 80 மீட்டர், பிந்தையவை 30 மீட்டர். இவற்றைக் கொண்டு "கரை ஆண்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் பின்வாங்குகிறது" என்று எழுதுகிறவர், முதலில் படம் எடுத்த நேரத்தில் கடல் ஏற்றமா வற்றமா என்று பார்த்தாரா என்பதைச் சொல்லட்டும். சாய்வு குறைந்த மணற்கரையில் ஓதம் மட்டுமே நீர்க்கோட்டைப் பல பத்து மீட்டர் நகர்த்திவிடும். ரேடார் உயர வரைபடம் காடுள்ள இடத்தில் மரத்தின் தலையைத் தரை என்று நினைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயதுக் கணிப்பு வேண்டும் என்று நெறியாளர் சொல்கிறார். எந்த முறை?

முறையைத் தீர்மானிப்பது காலம். ஈயம்-210-இன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டுகள். கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குத்தான் சரிப்படும். அதற்குத் துணையாகச் சீசியம்-137: அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த காலத்தின் தடம் 1963-ஐ ஒட்டி வண்டலில் ஒரு முகடாகத் தெரியும். கதிர்க்கரிம முறை சுமார் 50,000 ஆண்டுகள் வரை. மணல்மேடு, வெள்ளப் படிவு போன்றவற்றில் கரிமப் பொருளே இல்லாவிட்டால் ஒளித்தூண்டல் முறை; மணிகள் கடைசியாக வெளிச்சம் கண்டது எப்போது என்பதை அது சொல்லும். இதற்கு மாதிரி எடுக்கும்போது வெளிச்சம் படவே கூடாது. ஒளிபுகாத குழாயைப் படிவுக்குள் அடித்து இறக்கி இருமுனையையும் மூடி எடுக்க வேண்டும். ஒரு கணம் வெயில் பட்டாலும் அந்த மணிகளில் சேர்ந்திருந்த கணக்கு அழியத் தொடங்கிவிடும்.

பழைய பாறைகளுக்குச் சிர்கான் என்ற கனிமம். அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய விடாது. அதனால் இப்போது உள்ளே இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்தது என்று கொள்ளலாம். இதில் முக்கியமான கேள்வி, எதனுடைய வயது? மணற்கல்லில் கிடைக்கும் சிர்கான் அந்த மணற்கல்லின் வயதைச் சொல்லாது. மணி எந்தப் பாறையிலிருந்து உதிர்ந்ததோ அதன் வயதைத்தான் சொல்லும். மணற்கல் அதைவிட இளையது என்று மட்டும் தெரியும். ஆனால் ஒரு பிளவுப்பெயர்ச்சியை (பாறை உடைந்து நகர்ந்த இடத்தை) ஊடறுத்துச் செல்லும் டைக் பாறையில் (விரிசலில் புகுந்து உறைந்த பாறைக்குழம்பில்) சிர்கான் கிடைத்தால், பெயர்ச்சி அதற்கு முன்பே நடந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் நிலவியல் வரைபடம் வரைவதெல்லாம் பழைய வேலை இல்லையா?

இல்லை. மேலே சொன்ன டைக் பெயர்ச்சியை வெட்டுகிறதா, பெயர்ச்சி டைக்கை வெட்டுகிறதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. சுத்தியலும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு போய் அந்தத் தொடர்பிடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பரப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டு, ஒரு தகராறைத் தீர்க்கும் வரைபடமாக வரைந்தால் அது முதல்தர ஆய்வு.

எத்தனை மாதிரி எடுத்தால் போதும்?

எண் சொல்ல முடியாது. முதலில் சிறிய அளவில் எடுத்து, ஒரே இடத்துக்குள் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஓரிடத்துக்குள் இருக்கும் வேறுபாடு இரண்டு இடங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது என்றால், இடங்களைக் கூட்டிப் பயனில்லை. இரட்டை மாதிரி, அளக்கும் பொருள் எதுவும் இல்லாத வெற்று மாதிரி, செறிவு தெரிந்த சான்று மாதிரி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒவ்வொன்றையும் வைப்பது பரவலான வழக்கம். மாணவர்கள் திட்டம் போடும்போது இதை மறந்துவிட்டு, கடைசியில் புட்டி போதாமல் திண்டாடுகிறார்கள்.

நீர் மாதிரிதானே, புட்டியில் பிடித்து வந்தால் போதாதா?

போதாது. ஆர்சனிக்கை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் குறைவு, இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். அதைப் பாதி நிரம்பிய புட்டியில் பிடித்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தால், வழியிலேயே காற்றுப் பட்டு இரும்பு துருநிறப் படிவாகப் பிரியும். ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் போய்விடும். ஆய்வகத்தில் மேல்நீரை எடுத்து அளக்கிறவர் "ஆர்சனிக் இல்லை" என்று எழுதுவார். அந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அதனால் கிணற்றருகே செய்ய வேண்டியது இது. நீரின் வெப்பநிலையும் மின்கடத்துதிறனும் நிலைபெறும்வரை இறைத்துவிட வேண்டும். அமிலகாரத்தன்மை (pH), கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை மூன்றும் அங்கேயே அளக்கப்பட வேண்டும். நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறத் தொடங்கியதும் அமிலகாரத்தன்மை மாறிவிடும். அப்புறம் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து இரண்டு புட்டிகளில் பிரிக்க வேண்டும். உலோகங்களுக்கான புட்டியில் தூய நைட்ரிக் அமிலம் விட்டு அமிலகாரத்தன்மையை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். எதிர்மின் அயனிகளுக்கான புட்டியில் அமிலம் கூடாது. விட்டால் நைட்ரேட் அளவு உங்கள் அமிலத்தின் அளவாகிவிடும். முடிவுகள் வந்ததும் நேர்மின் அயனிகளின் மொத்தத்தையும் எதிர்மின் அயனிகளின் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், வரைபடம் போடுவதற்கு முன் எங்கே பிசகியது என்று தேடுங்கள்.

எங்கள் துறையில் எல்லாக் கருவியும் இருக்கிறது. கவலை வேண்டாம் அல்லவா?

இருப்பது வேறு, ஓடுவது வேறு. தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர் ஆர்கான் வாயுவைக் குடிக்கும். உருளை தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும், யார் இயக்குகிறார், வரிசையில் உங்களுக்கு முன் எத்தனை பேர் என்று தொழில்நுட்பப் பணியாளரிடம் கேளுங்கள், துறைத்தலைவரிடம் அல்ல. சிலிக்கேட் கனிமங்களை முழுமையாகக் கரைக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேண்டும். ஆபத்தான அமிலம் அது. அதற்கான புகைபோக்கிப் பெட்டியும் கால்சியம் குளுகோனேட் களிம்பும் இல்லாத ஆய்வகத்தில் தொடவே கூடாது. இராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையில்) கரைத்தால் கிடைப்பது பகுதிச் செறிவு மட்டுமே. அதை மொத்தச் செறிவு என்று எழுதினால் தேர்வாளர் பிடித்துவிடுவார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்குப் பாறைச் சீவல்கள் வேண்டுமென்றால், 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துத் தருகிறவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நெறியாளர் கொடுத்த தலைப்பு சப்பென்று இருக்கிறது. மறுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரவுன் தன் மாணவர் கிளேர் பேட்டர்சனிடம் கொடுத்த வேலை, சிர்கான் மணிகளில் உள்ள துளியூண்டு ஈயத்தை அளப்பது. கேட்டால் யாருக்கும் உற்சாகம் வராது. அளந்தால், வர வேண்டியதைவிட எப்போதும் மிக அதிகமாக வந்தது. ஈயம் பாறையிலிருந்து வரவில்லை. ஆய்வகத்தின் காற்றிலும் தூசியிலும் பாத்திரத்திலும் வேதிப்பொருளிலும் இருந்தது. அதை விரட்டுவதற்காக அவர் அன்று எங்கும் இல்லாத அளவு தூய்மையான ஆய்வகத்தை அமைக்க வேண்டியதாயிற்று. அந்தத் திறமையால்தான் 1956-இல் விண்கற்களின் ஈய ஐசோடோப்புகளைக் கொண்டு பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று எழுத முடிந்தது. தொந்தரவு கொடுத்த அந்த ஈயம் எங்கிருந்துதான் வருகிறது என்று அவர் தொடர்ந்து துருவியது, பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிரான வலுவான சான்றாக முடிந்தது. நிலவியல் கேள்வி சுற்றுச்சூழல் கேள்வியாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சப்பென்ற தலைப்பிலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கலாம். ஆனால், "ஏன் இது தெரிய வேண்டும்?" என்று நீங்கள் கேட்டதற்கு நெறியாளரால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அது வேறு விஷயம். அப்போது மரியாதையாக மறுக்கலாம்.

நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

அவரிடம் கேட்பதைவிட அவருடைய இப்போதைய மாணவர்களிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார்? களத்துக்குக் கூட வருவாரா? கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது? நிதி நடுவில் நின்றால் என்ன செய்தார்கள்? பெரிய பெயர் உள்ளவரா என்பது இவற்றுக்கு அப்புறம்.

என் யோசனையை ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார். போச்சா?

ஒன்றும் போகவில்லை. அவர் முறையை வேறு நிலத்தில் சோதிப்பதும், அவர் முடிவு திரும்ப வருகிறதா என்று பார்ப்பதும் முதுநிலைக்குத் தாராளமாகப் போதும். காந்தப் பட்டைகளின் விஷயத்தில் கூட லாரன்ஸ் மார்லி என்ற கனடா நாட்டவர் அதே கருத்தைத் தனியாக எட்டி, இரண்டு இதழ்களுக்கு அனுப்பி, இரண்டும் மறுத்த கதை உண்டு. இன்று அந்தக் கருதுகோளில் வைன், மேத்யூஸ், மார்லி மூவர் பெயரும் சேர்ந்தே வருகிறது.

நுண்நெகிழி, இயந்திரக் கற்றல் என்று இப்போது பேசப்படுபவற்றை எடுத்தால் நல்லதா?

எடுக்கலாம், பலவீனம் எங்கே என்று தெரிந்துகொண்டு எடுங்கள். நுண்நெகிழி ஆய்வில் முதல் எதிரி நீங்கள் போட்டிருக்கும் செயற்கை இழைச் சட்டை. ஆய்வகக் காற்றில் மிதக்கும் இழைகள் மாதிரியில் விழுந்துவிடும். பருத்தி உடை, மூடிய வேலைமேசை, ஒவ்வொரு தொகுதிக்கும் வெற்று மாதிரி இவை இல்லாமல் எண்ணிய எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. நுண்ணோக்கியில் பார்த்து "இது நெகிழி" என்று சொன்னாலும் போதாது. அகச்சிவப்பு அல்லது ராமன் நிறமாலையால் உறுதி செய்ய வேண்டும்.

நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை இயந்திரக் கற்றலால் போடுகிறவர்கள் 95 சதவீதத் துல்லியம் என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் புள்ளிகளைக் குருட்டாம்போக்கில் பிரித்திருந்தால், சோதனைப் புள்ளி பயிற்சிப் புள்ளியின் பக்கத்து வீடாகவே இருக்கும். கேள்வித்தாளை முதல்நாளே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது போல. ஒரு முழுப் பள்ளத்தாக்கையே பயிற்சியிலிருந்து ஒதுக்கிவைத்து, அதில் சோதித்துப் பாருங்கள். துல்லியம் சரியும். எவ்வளவு சரிகிறது, ஏன் சரிகிறது என்பதை எழுதினால் அதுவே படிக்கத் தகுந்த ஆய்வு.

ஓராண்டில் "நீண்டகால மாற்றம்" பற்றிச் செய்ய முடியுமா?

நீங்களே அளந்து முடியாது. மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய கார்பன் டை ஆக்சைடு அளவீடு பேசுவதே அது பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால்தான். ஓராண்டில் நீங்கள் காண்பது பருவ மாற்றம். நீண்டகாலம் வேண்டுமென்றால் பழைய பதிவேடு, மண்தண்டு, குகைப் படிவு, மர வளையம் இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் தலைப்பில் என்ன வித்தியாசம்?

முதுநிலைக்கு ஒரு கேள்வி, ஒரு முறை, ஒரு இடம். முனைவருக்கு, ஒன்று தோற்றாலும் மற்றவை நிற்கும்படி மூன்று நான்கு கேள்விகள். முதுநிலை மாணவர் புதிதாக ஒரு முறையையே உருவாக்கப் புறப்படுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

அனுமதி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

முதலிலேயே பாருங்கள். நில உரிமையாளர், வனத்துறை, பாதுகாக்கப்பட்ட பகுதி, மாதிரியை எல்லை தாண்டிக் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். புதைபடிவங்களில் இது இன்னும் கடுமை. பிரேசிலில் கிடைத்த உபிராஜாரா என்ற டைனோசரைப் பற்றி 2020-இல் வெளியான கட்டுரை, அது எப்படி நாட்டை விட்டு வெளியேறியது என்ற சர்ச்சையில் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் படிவமே ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்குத் திரும்பிப் போயிற்று. உழைத்ததெல்லாம் இப்படிப் போவதற்கா?

வேலை கிடைக்கும் தலைப்பு எது?

தலைப்பைவிட நீங்கள் கற்றுக்கொள்ளும் கைவேலைதான் வேலை வாங்கித் தரும். நிலத்தடி நீரோட்ட மாதிரியாக்கம், புவித் தகவல் அமைப்பு, புள்ளியியல், ஆய்வகத் தரக் கட்டுப்பாடு ஆகியவை எங்கே போனாலும் கேட்கப்படும். சுரங்கக் கழிவு அணைகள் பக்கமும் பாருங்கள். 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடினோவில் ஓர் அணை உடைந்து 270 பேர் இறந்த பிறகு, 2020-இல் உலகளாவிய தொழில்தர விதிமுறை வந்தது. அணையின் நிலைத்தன்மை, கசியும் நீரின் வேதியியல், பைரைட் என்ற இரும்புச் சல்பைடு கனிமத்தின் ஆக்சிஜனேற்றத்தால் வரும் அமில நீர் இவை தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

முடிவு "ஒன்றும் இல்லை" என்று வந்தால் பட்டம் கிடைக்குமா?

கிடைக்கும், முறை சரியாக இருந்தால். "வேறுபாடு தெரியவில்லை" என்று எழுதினால் கூடவே, எவ்வளவு வேறுபாடு இருந்திருந்தால் உங்கள் அளவீடு அதைப் பிடித்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால், வேறுபாடு இல்லையா அல்லது உங்களுக்குத் தென்படவில்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது.

பாதியில் தலைப்பை மாற்றலாமா?

மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன் என்றால் தயங்காமல் மாற்றலாம். அதற்கு அப்புறம், மாதிரியை வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் முடியும். உப்பின் மூலத்தைத் தேடி எடுத்த அதே நீரில் ஃபுளூரைடு எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்கலாம். மணியளவுக்காக எடுத்த வண்டலில் களிக் கனிமங்களைப் பார்க்கலாம். இது நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு வண்டல், பாறை மாதிரியிலும் பாதியைத் தொடாமல் எடுத்து வைத்திருக்க வேண்டும். இடம், ஆழம், தேதி மூன்றையும் புட்டியின் மேலும் குறிப்பேட்டிலும் என இரண்டு இடத்தில் எழுதியிருக்க வேண்டும். மூடியின் மேல் மட்டும் எழுதாதீர்கள், மூடிகள் மாறிப்போகும்.